தோட்டம் கலைந்தது, கட்சி கரைந்தது

2008 மார்ச் 8, சனிக்கிழமை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே உள்ள சிறு நகரம் சுங்கை சிப்புட். அந்தத் தொகுதியை 1974 முதல் ஒருமுறைகூட நழுவ விடாதவர் ச. சாமிவேலு. அன்று இரவு வாக்கு எண்ணி முடித்தபோது அவர் 1,821 வாக்குகளில் தோற்றிருந்தார்.

சாமிவேலு சாதாரண வேட்பாளர் அல்லர். ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, ம.இ.கா. எனப்படும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக 29 ஆண்டுகள் கோலோச்சியவர். பல்லாண்டுகள் பொதுப்பணி அமைச்சராக இருந்தவர். அவரை வீழ்த்திய டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ், மலேசிய சோசலிசக் கட்சிக்காரர். 1999-லும் 2004-லும் இதே தொகுதியில் இதே சாமிவேலுவிடம் தோற்றவர். மூன்றாம் முறை காற்று திசை மாறிவிட்டது.

2004 தேர்தலில் ம.இ.கா. நாடாளுமன்றத்துக்கு ஒன்பது இடங்களில் நின்று ஒன்பதிலும் வென்றது. 2008-இல் மூன்று. 2013-இல் நான்கு. 2018-இல் இரண்டு. 2022-இல் பத்து இடங்களில் நின்று ஒன்றே ஒன்று. தேய்பிறை போன்ற இந்தக் கணக்குக்கு ஊழல், உட்கட்சிப் பூசல், தலைமையின் பிடிவாதம் என்று பல காரணங்களைச் சொல்வார்கள். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஒன்பதுக்கு ஒன்பது வருவதற்குள்ளாகவே கட்சியின் காலடியில் இருந்த மண் சரிந்து முடிந்திருந்தது. மக்கள் எத்தனை பேர், எங்கே வாழ்கிறார்கள், யாரோடு வாழ்கிறார்கள் என்ற மூன்றும் மாறினால் ஒரு கட்சிக்கு என்ன நேரும் என்பதற்கு, தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய பாடம் இது.

பெருகியும் குறைந்த கூட்டம்

முதலில் எண்ணிக்கையைப் பார்க்கலாம். மலாயா சுதந்திரம் பெற்ற 1957-இல் அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 63 லட்சம். அதில் இந்தியர்கள் சுமார் 7 லட்சம், நூற்றுக்குப் பதினொருவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். 2020 கணக்கெடுப்பில் மலேசியாவின் மக்கள்தொகை 3 கோடியே 24 லட்சம். இந்தியர்கள் ஏறக்குறைய 20 லட்சம். குடிமக்களில் அவர்கள் பங்கு 6.7 விழுக்காடு. தலைகளை எண்ணினால் மூன்று மடங்கு பெருகியிருக்கிறார்கள். பங்கைப் பார்த்தால் பதினொன்று ஏழுக்கும் கீழே போய்விட்டது.

இந்த இறக்கத்துக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, 1963-இல் சபாவும் சரவாக்கும் மலாயாவோடு இணைந்து மலேசியா உருவானது. அந்த இரு மாநிலங்களிலும் இந்தியர்கள் மிகச் சொற்பம். இன்றைய நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் அவற்றுக்கும் லபுவானுக்கும் சேர்த்து 57 இடங்கள். அங்கே இந்தியர் கட்சிக்கு வேலையே இல்லை.

இரண்டாவது காரணம் வெளியேற்றம். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற விதி கடுமையாக்கப்பட்டது. குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்காமலும், விண்ணப்பிக்க வேண்டும் என்பதே தெரியாமலும் தோட்டங்களில் இருந்த பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பல் ஏறினார்கள். ரப்பர் மரத்தடியிலேயே காலத்தைக் கழித்தவர்கள் அவர்கள்.

மூன்றாவது, பிள்ளைப்பேறு. நகரத்துக்கு வந்து, பெண்கள் படித்து வேலைக்குப் போகத் தொடங்கியதும் இந்தியக் குடும்பங்கள் சிறுத்தன. இன்று அங்கே இந்தியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. மலாய்க் குடும்பங்களில் அந்த எண்ணிக்கை அதைவிட அதிகம். இது யாருடைய சதியும் அன்று. தமிழ்நாட்டிலும் இதே மாற்றம்தான் நடந்திருக்கிறது. ஆனால் இனவாரியாகக் கட்சிகள் அமைந்த நாட்டில், வீட்டுத் தொட்டிலின் கணக்கும் அரசியல் கணக்காகிவிடுகிறது.

இரவல் வாக்கு

ஆனால் பங்கு குறைந்தது மட்டுமே ம.இ.கா.வைச் சாய்த்தது என்று சொல்லிவிட முடியாது. ஏனென்றால், அந்தக் கட்சி எந்தக் காலத்திலும் இந்தியர் வாக்கை மட்டும் கொண்டு ஜெயித்ததில்லை.

1946-இல் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய ம.இ.கா., பின்னர் அம்னோ என்ற மலாய்க்காரர் கட்சியோடும் ம.சீ.ச. என்ற சீனர் கட்சியோடும் கூட்டணி சேர்ந்தது. 1955-இல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். இந்தியர்களில் பலருக்குக் குடியுரிமையே இல்லை. கூட்டணி 52 இடங்களில் 51-ஐ அள்ளியது. ம.இ.கா. நின்ற இரண்டு இடங்களையும் வென்றது. இரண்டிலும் வெற்றியைத் தந்தது மலாய் வாக்கு.

ஒப்பந்தம் எளியது. அம்னோ தன் ஆதரவாளர்களிடம், 'நம் கூட்டணி வேட்பாளருக்குப் போடுங்கள்' என்று சொல்லும், அவர்கள் போடுவார்கள். பதிலுக்கு ம.இ.கா. தன் மக்களின் வாக்குகளை அம்னோ வேட்பாளர்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி என்று மலேசியாவில் ஒன்றுகூட இல்லை. ஆகவே கட்சி கையில் வைத்திருந்த சீட்டுகள் இரண்டு: பிறர் தரும் இரவல் வாக்கு ஒன்று, அதற்கு ஈடாகத் தான் தரும் தோட்டத்து வாக்கு மற்றொன்று.

அந்தத் தோட்டத்து வாக்கு எப்படித் திரண்டது?

விடிவதற்கு முன் பெரட்டு, அதாவது ஆள்கணக்கு. எழுத்தரான கிராணி பெயர் வாசிக்க, பால்வெட்டும் கத்தியும் வாளியுமாக ஆட்கள் ரப்பர் மர நிரைக்குப் போவார்கள். திரும்பி வந்தால் வரிசையாக லயத்து வீடுகள். நடுவில் மாரியம்மன் கோவில், ஒரு ஓரத்தில் தமிழ்ப்பள்ளி, இன்னொரு ஓரத்தில் கள்ளுக்கடை. நூறு இருநூறு குடும்பங்கள், ஒரே வேலை, ஒரே முதலாளி, ஒரே திருவிழா. இங்கே ம.இ.கா. கிளை என்பது தனி அலுவலகம் வைத்து நடத்த வேண்டிய ஒன்றன்று. கோவில் கமிட்டியில் இருப்பவர், பள்ளிக்கூடத்துக் கூரைக்குப் பணம் கேட்டுப் போகிறவர், அடையாள அட்டை விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பவர், சாவு வீட்டில் முன்னே நிற்பவர் என எல்லாம் ஒரே ஆளாக இருப்பார். அவர்தான் கிளைத் தலைவர். தேர்தல் நாளில் அவர் சொன்ன சின்னத்தில் தோட்டமே வாக்களிக்கும். தோட்டம் இருக்கும்வரை கட்சிக்கு வேர் இருந்தது.

அந்த வேருக்கு முதல் வெட்டு விழுந்தது 1950-களின் இறுதியில். சுதந்திரத்தை ஒட்டி ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டுச் சிறு சிறு துண்டுகளாக விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்ற சொல் அப்போதுதான் மலாயாத் தமிழில் புழக்கத்துக்கு வந்தது. துண்டு நிலத்துக்காரருக்கு இத்தனை ஆள் தேவையில்லை. வேலை போனவர்களுக்கு வீடும் போனது.

அன்று கட்சி விழித்துக்கொண்டது. அப்போதைய தலைவர் வீ. தி. சம்பந்தன், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1960-இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (டாலர்) கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். பால்வெட்டுக்காரரின் சம்பளத்தில் பத்து வெள்ளி பெரிய தொகை. ஆனாலும் கட்டினார்கள். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு ஒவ்வொன்றாக வேறு பல. மக்கள் இடம்பெயரும் ஆபத்தைக் கண்டு ஒரு கட்சி உரிய நேரத்தில் செயல்பட்டதற்கு அது நல்ல சான்று. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

பெராங் பெசார் போன இடம்

இரண்டாவது வெட்டு ஆழமானது. 1980-களிலும் 90-களிலும் மலேசியா வேகமாக வளர்ந்தது. ரப்பருக்குப் பதில் செம்பனை (எண்ணெய்ப்பனை), செம்பனைக்குப் பதில் வீட்டுமனை என்று நிலத்தின் பயன் மாறியது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்த வேலைக்கும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் குறைந்த கூலிக்கு ஆட்கள் வந்தார்கள். அந்த இருபது ஆண்டுகளில் தோட்டங்களை விட்டு வெளியேறிய இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. 1970-இல் மலேசிய இந்தியர்களில் மூன்றில் ஒரு பங்கினரே நகரவாசிகள். 2000-இல் ஐந்தில் நான்கு பங்கினர்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் புத்ராஜெயாவுக்குப் போக வேண்டும். ஏரி, பிரதமர் அலுவலகத்தின் பச்சைக் குவிமாடம், இளஞ்சிவப்பு மசூதி, அகன்ற சாலைகள் என்று ஜொலிக்கும் அந்த நிர்வாகத் தலைநகரம் எழுந்த இடத்தில் முன்பு இருந்தது பெராங் பெசார் என்ற ரப்பர் தோட்டம். அதையும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் சேர்ந்த சுமார் நானூறு தொழிலாளர் குடும்பங்கள் அங்கிருந்து கிளம்பி, டிங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. குடியேறிய வீடுகளில் விரிசல் விழுந்தது. நிலத்தோடு கூடிய வீடு கேட்டு அந்த மக்கள் கால் நூற்றாண்டு அலைந்தார்கள்.

வாக்காளர் பட்டியலில் நடந்ததையும் கவனிக்க வேண்டும். புத்ராஜெயா 2001-இல் கூட்டரசுப் பிரதேசமானது. 2004-இல் தனித் தொகுதியாகத் தேர்தலைச் சந்தித்தது. அதன் வாக்காளர்கள் ஏறக்குறைய எல்லாருமே மலாய் அரசு ஊழியர்கள். லயத்து வீடுகள் நின்ற மண்ணில் ஒரு தொகுதி பிறந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதில் இடம் இல்லை.

இப்படித் தோட்டம் தோட்டமாகக் கலைந்தவர்கள் கிள்ளான், காப்பார், பூச்சோங், ரவாங், சிரம்பான், பட்டர்வொர்த் என்று சிதறினார்கள். ஒரு தோட்டத்தில் இருநூறு குடும்பமாக இருந்தவர்கள், இருபது அடுக்குமாடிகளில் பத்துப் பத்துக் குடும்பமானார்கள். மாரியம்மன் கோவிலைக் கையோடு பெயர்த்துக்கொண்டு போக முடியாதே. அரசு நிலத்தில் புதிதாகச் சிறு கோவில்கள் முளைத்தன, அவை இடிக்கவும் பட்டன. பிள்ளைகளின் பிரச்சினைகளும் வேறாயின: கல்லூரியில் இடம், நிரந்தர வேலை, போலீஸ் கெடுபிடி, அடையாள அட்டை இல்லாத தலைமுறை. இவற்றில் எதற்கும் பழைய கிளைத் தலைவரிடம் விடை இல்லை. அவரே வேறொரு அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் இருந்தார்.

கட்சி எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேமிப்பை அதில் போட்டார்கள். அவர்கள் நம்பிய செல்வம் வந்து சேரவில்லை. கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தது. அது இன்றும் மருத்துவர்களை உருவாக்குகிறது. ஆனால் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனதுபோல, அடுக்குமாடி அடுக்குமாடியாகப் போய்க் கட்சியைத் திரும்பக் கட்டும் வேலையை யாரும் செய்யவில்லை. மேலிருந்து இரவல் வாக்கு வந்துகொண்டிருந்ததால் கீழே வேர் அழுகுவது தெரியவில்லை. 2004-இல் கிடைத்த ஒன்பதுக்கு ஒன்பது, அந்த அழுகலை மூடிய கடைசித் திரை.

திரை விலகிய நாள்

2007 அக்டோபர் இறுதியில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் அருகே பாடாங் ஜாவாவில் ஒரு மாரியம்மன் கோவில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25-இல் இந்து உரிமைகளுக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் அமைப்பின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் இந்தியர்கள் கோலாலம்பூர் வீதியில் திரண்டார்கள். கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த தண்ணீர்ப் பீய்ச்சலும் அவர்களை எதிர்கொண்டன. டிசம்பரில் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவரான மனோகரன், 2008 தேர்தலில் தடுப்புக் காவலில் இருந்தபடியே சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு வென்றார்.

அரை நூற்றாண்டாகச் சொன்ன சின்னத்தில் வாக்களித்த சமூகம் 'மக்கள் சக்தி' என்ற முழக்கத்தோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. விளைவு சுங்கை சிப்புட்டில் மட்டும் தெரியவில்லை. அம்னோவும் ம.இ.கா.வும் இடம்பெற்ற ஆளும் தேசிய முன்னணி 1969-க்குப் பிறகு முதன்முறையாக மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. பினாங்கும் பேராக்கும் சிலாங்கூரும் கெடாவும் கைமாறின. ஏழெட்டு விழுக்காட்டுச் சமூகம் நாட்டின் அரசியலையே அசைத்தது எப்படி? சிதறியதே அங்கே பலமானது. நெருக்கமான போட்டி நடக்கும் நகர்ப்புறத் தொகுதிகள் பலவற்றில் பத்து, இருபது விழுக்காடு இந்தியர்கள் இருந்தார்கள். எந்தத் தொகுதியையும் சொந்தமாக்கிக்கொள்ள அந்த எண்ணிக்கை போதாது. ஆனால் யார் ஜெயிப்பது என்று தீர்மானிக்கப் போதும். மக்களுக்கு வலிமை தந்த அதே சிதறல், அவர்களுடைய பழைய கட்சியை வலுவிழக்கச் செய்தது.

பிறகு இரவல் வாக்கும் வற்றியது. 2018-லும் 2022-லும் மலாய் வாக்கு மூன்றாகப் பிளந்தது. வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைத்துத் தானியங்கிப் பதிவைக் கொண்டுவந்ததில், 2018-இல் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022-இல் 2 கோடியே 11 லட்சமானது. புதிதாக வந்த மலாய் இளைஞர்களில் பெரும் பகுதியினர் அம்னோவுக்குப் போட்டியான பெரிக்காத்தான் அணிக்குப் போனார்கள். தன் வேட்பாளர்களையே கரையேற்ற முடியாத அம்னோ, ம.இ.கா.வுக்கு எதை இரவல் தரும்? 2023 ஆகஸ்டில் ஆறு மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. ம.இ.கா. ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை.

கடல் தாண்டிய ஒப்பீடு

இலங்கையின் மலையகம் இதற்கு நேர் எதிரான காட்சி. அங்கேயும் தேயிலைத் தோட்டத் தமிழர்கள்; அங்கேயும் தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றாகப் பிணைந்த அமைப்பு, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. மலேசியாவைவிடக் கொடிய வெட்டு. 2012 கணக்கெடுப்பில் அவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டினார்கள்.

ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் அவர்கள் பாதிக்கும் மேல். அதோடு இலங்கையில் 1989 முதல் விகிதாசாரத் தேர்தல் முறை. மலேசியாவில் ஏழு விழுக்காடு வாங்கித் தராத இடங்களை அங்கே நாலு விழுக்காடு வாங்கித் தந்தது. சௌமியமூர்த்தி தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அரசுகளை அமைப்பதில் பேரம் பேசியது. எண்ணிக்கையோடு, மக்கள் சேர்ந்து வாழும் இடமும் வாக்கை இடமாக மாற்றும் சட்டமும் சேர்ந்தே ஒரு கட்சியின் பலத்தை முடிவு செய்கின்றன என்பதை இந்த இரு நாடுகளும் காட்டுகின்றன. எனினும் 2024 நவம்பரில் நாடு தழுவிய கூட்டணியான தேசிய மக்கள் சக்தி நுவரெலியா மாவட்டத்திலும் முதலிடம் பிடித்தது. லயத்தை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போகும் இளைய தலைமுறை அங்கேயும் வளர்ந்துவிட்டது.

இனி என்ன?

மலேசிய நாடாளுமன்றத்தில் இன்று இந்திய உறுப்பினர்கள் இல்லாமல் இல்லை. ஜனநாயகச் செயல் கட்சியிலும் பிகேஆர் எனப்படும் மக்கள் நீதிக் கட்சியிலும் இருக்கிறவர்கள் ம.இ.கா.வைவிடப் பல மடங்கு. 2018-இல் கோலாலம்பூரின் 'பத்து' என்ற பெயருள்ள தொகுதியில் 22 வயது பிரபாகரன் என்ற இளைஞர் சுயேச்சையாக நின்று, நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார். இவர்களும் பிற இனத்தாரின் வாக்கையும் பெற்றே ஜெயிக்கிறார்கள். வேறுபாடு, அந்த வாக்கை இவர்கள் பெரும்பாலும் பல இனத்தவரும் உள்ள கட்சிக்குள் நின்று நேரடியாகக் கேட்கிறார்கள். இன்னொரு கட்சி வாங்கித் தரட்டும் என்று காத்திருப்பதில்லை.

ஆனாலும், இந்தியருக்கென்று தனியாகப் பேசும் குரல் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. அடையாள அட்டை இல்லாத பிள்ளையின் வழக்கும், மாணவர் குறைந்து மூடும் நிலையில் இருக்கும் தமிழ்ப்பள்ளியின் கதையும், பெரிய கட்சிகளின் மேசையில் மற்றக் கோப்புகளின் அடியில் போய்விடுகின்றன. சுதந்திரத்தின்போது எண்ணூறுக்கும் மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்று முப்பதுக்கும் குறைவு. தோட்டம் காலியான பிறகும் அங்கேயே நிற்கும் பள்ளிகளை, பிள்ளைகள் வாழும் நகருக்கு மாற்றுவது பெரிய வேலை. வாக்குக்காக இல்லாவிட்டாலும் ஒரு கட்சி செய்ய வேண்டிய வேலை. தாமான் பெர்மாத்தா போன்ற அடுக்குமாடிகளில் கதவு தட்டி, யாருக்கு என்ன பத்திரம் இல்லை என்று குறித்து வரும் வேலையும் அப்படித்தான். பத்து வெள்ளி வாங்கிய சம்பந்தன் செய்ததும் அப்படி மக்களைத் தேடிப் போன வேலைதான்.

சுங்கை சிப்புட்டை மீட்க 2022-இல் ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரனே களம் இறங்கினார். பிகேஆர் கட்சியின் கேசவனிடம் இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம், சரவணன் வென்ற தாப்பா. அடுத்த பொதுத் தேர்தல் 2028 பிப்ரவரிக்குள் நடந்தாக வேண்டும்.